பதினான்காம் கேள்வி

ஸ்ரீநிவாசராகவன் கெட்டிக்காரர். அதை யாரும் மறுக்க முடியாது. காட்டாங்குளத்தூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். சுற்றுச்சூழல் பொருளாதாரம் என்றால் 'அப்படிக்கூட ஒன்று இருக்கிறதா' என்று மற்றவர்கள் சிரித்த காலத்திலேயே அதில் இறங்கியவர். ஏரி, சதுப்பு நிலம், கடற்கரை என்று யாரும் விலை சொல்லாத எதையும் அவர் விட்டு வைக்கவில்லை. அதற்கு மனிதர்கள் மனத்தில் என்ன மதிப்பு என்று கண்டுபிடித்து எழுதிவிடுவார். முப்பத்தொரு வருஷம், நாற்பத்தேழு கட்டுரை. இத்தனையும் செய்த மனுஷனுக்குப் பெற்ற பெண்ணிடம் 'வா' என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை என்றால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தை எந்தக் குப்பையில் போடுவது?

விஷயம் இதுதான். மே முப்பத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, அவருக்கு ஓய்வு. அன்று மூன்று மணிக்குக் கடைசியாக ஒரு சொற்பொழிவு, பிறகு பொன்னாடை, பிறகு சமோசா. மனைவி காமு போய் மூன்று வருஷமாகிறது. அஸ்தினாபுரம் வீட்டில் அவரும் புத்தகமும்தான். ஒரே பெண் ஸ்நேகா, நெதர்லாந்தில் வேலை. அவள் அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசை என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. மார்ச்சு மாதத்திலிருந்தே ராத்திரி தூக்கம் போய்விட்டது.

சரி, கேட்க வேண்டியதுதானே? கேட்டார். எப்படிக் கேட்டார் தெரியுமா?

"முப்பத்தொண்ணாம் தேதி ரிடையர் ஆறேன். ஏதோ லெக்சர் வெச்சிருக்கா. நீ ஒண்ணும் அலட்டிக்காதே. மே மாசம் டிக்கெட்டெல்லாம் யானை விலை. இதுக்காக மெனக்கெட்டு யாரும் வர வேண்டியதில்லை."

"ஓ, சரிப்பா," என்றாள் ஸ்நேகா. போனை வைத்தபிறகு அரைமணி நேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவளே கூப்பிட்டாள். "அப்பா, ஆபீஸ் வேலையா சென்னை வரேன். சிறுசேரில க்ளையன்ட் மீட்டிங். தற்செயலா அதே வாரம்தான். உன் லெக்சருக்கும் முடிஞ்சா எட்டிப் பார்க்கறேன்."

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குச் சாத்தமுதில் உப்பை இரண்டு தடவை போட்டு, அதையும் ரசித்துச் சாப்பிட்டார். ஆனால் பாருங்கள், படுக்கப் போகும்போது அவருடைய படிப்பு வேலையைக் காட்டிவிட்டது. 'முடிஞ்சா எட்டிப் பார்க்கறேன்' என்ற வார்த்தை உள்ளே உறுத்த ஆரம்பித்தது.

அது ஏன் உறுத்தியது என்பதற்கு அவர் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவளம் கடற்கரைக்கு டிக்கெட் கிடையாது. அப்படியானால் அது மக்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அங்கே வருகிறவர்களைப் பிடித்துக் கேட்க வேண்டும். எங்கிருந்து வந்தீர்கள், எத்தனை பஸ் மாறினீர்கள், லீவு போட்டீர்களா, எதை விட்டுவிட்டு வந்தீர்கள். ஒருவன் ஓர் இடத்துக்காக எவ்வளவு பாடுபடுகிறானோ அவ்வளவுக்கு அந்த இடம் அவனுக்கு வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. மாமல்லபுரத்தில் கல்யாணத்துக்கு வந்தவன் போகிற வழியில் பத்து நிமிஷம் காலை நனைத்துவிட்டுப் போவான். அவன் பட்ட பாட்டைக் கோவளத்தின் பேரில் எழுதக் கூடாது. அதற்காகத்தான் படிவத்தில் பதினான்காம் கேள்வி: 'இந்த இடத்துக்காக மட்டும்தான் கிளம்பி வந்தீர்களா, வேறு வேலையாக வந்த இடத்தில் இங்கும் வந்தீர்களா?' இரண்டாவது பதிலைச் சொன்னவர்களின் படிவம் தனியாக ஒரு கட்டுக்குப் போய்விடும். கணக்கில் வராது.

இருபத்திரண்டு வருஷம், மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, அவர் கோவளத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். கையிலிருக்கும் ஃபாரத்தை வைத்து மீன் விற்கும் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் 'பாரம் சாரு'. அந்த ஞாயிறுகளில் வீட்டில் இருந்த காமுவும் ஸ்நேகாவும் அவருக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

வீட்டிலும் இதே சட்டம்தான். ஒரே ஒரு காரியத்துக்காக அந்த வீட்டில் யாரும் வாசல் தாண்டக் கூடாது. தாம்பரத்துக்குக் காய் வாங்கப் போனால் பேங்க், மருந்துக்கடை, வார் அறுந்த செருப்பு எல்லாம் கூடவே போக வேண்டும். "இதுக்கு மட்டுமா போறே?" என்று செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்பார். ஆனால் காமு பாவம், மாம்பலத்தில் இருக்கும் அக்காவைப் பார்க்க வேண்டும் என்றால்கூட, "ரவிக்கை தைக்கக் கொடுக்கணும், அப்படியே அக்காவையும் பார்த்துட்டு வந்துடறேன்," என்றுதான் சொல்லிப் பழகியிருந்தாள். ரவிக்கைத் துணி ஒன்று பையிலேயே பல மாதம் கிடக்கும். அம்மாவைப் பார்த்துப் பெண்ணும் கற்றுக்கொண்டாள். சிநேகிதி வீட்டுக்குப் போக வேண்டுமானால் கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

ஸ்நேகா புதன்கிழமை விடியற்காலையில் வந்து இறங்கினாள். விமான நிலையத்துக்குப் போக அவர் நினைத்தார். 'அவள் கம்பெனி கார் அனுப்பும், நாம் எதற்கு' என்று படுத்தே கிடந்தார். அவள் ஆட்டோவில் வந்தாள். கம்பெனி கார் ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை அந்தப் பேராசிரியருக்கு.

அவள் அறையில் மலைபோல அடைந்து கிடந்த பழைய படிவக் கட்டுகளை இரண்டு வாரமாக அப்புறப்படுத்தி, மெத்தையை வெயிலில் போட்டு, புதுத் தலையணை உறை மாட்டி வைத்திருந்தார். அவளுக்குப் பிடிக்கும் என்று சேப்பங்கிழங்கு வறுத்தார். கொஞ்சம் கருகிவிட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் சாப்பிட்டாள். புதன், வியாழன் இரண்டு நாளும் ஒன்பது மணிக்குக் கிளம்பி ஆறரைக்குத் திரும்பினாள். முகம் கறுத்து வந்தது.

"ஏசி ரூம்ல உக்காந்தா முகம் இப்படி ஆகுமா?" என்று கேட்டார்.

"கேன்டீன் வரைக்கும் நடக்கணும்பா," என்றாள்.

வியாழன் ராத்திரி சாப்பிடும்போது அவளே ஆரம்பித்தாள். "நாளைக்கு உன் ஃபங்க்ஷன் எத்தனை மணிக்கு?"

"மூணு."

"ம்." அவள் தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "எவ்வளவு பேர் வருவா?"

இந்த இடத்தில்தான் வேறு யாராவது ஓர் அப்பாவாக இருந்தால், எந்த மண்டூகமாக இருந்தாலும், 'நீ வந்தா போதும்மா' என்று சொல்லியிருப்பான். அவருக்கும் அது வாய் வரை வந்தது. மென்று விழுங்கினார். அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. அது தெரியாமல் மேலே போக முடியவில்லை. கேட்டாரே ஒரு கேள்வி.

"இந்த மீட்டிங் இல்லேன்னா, இந்த ட்ரிப்பைப் போட்டிருப்பியா நீ?"

ஸ்நேகா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் ஆயிரக்கணக்கான தடவை பார்த்திருக்கிறார், கோவளத்தில். எந்தப் பதில் சொன்னால் இந்த ஆளுக்குப் பிடிக்கும் என்று மனிதர்கள் யோசிக்கிற பார்வை. அப்படி யோசித்துச் சொல்கிற பதிலை நம்பக் கூடாது என்று அவரே மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறார்.

"மீட்டிங் இருக்கேப்பா," என்றாள் மெல்ல. "சும்மா யாராவது இவ்வளவு தூரம் வருவாளா."

"அதானே," என்றார் அவர். தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "நாளைக்கும் மீட்டிங் உண்டோ?"

"இருக்கு. வேணும்னா நான் மத்தியானம் கேட்டுட்டு..."

"சேச்சே. வேண்டாம், வேண்டாம். அவா செலவுல வந்துட்டு நடுவுல எழுந்து வரது தப்பு. இது என்ன பெரிய ஃபங்க்ஷன்? பத்து நிமிஷம் பேசுவேன், சமோசா குடுப்பா. நீ உன் வேலையைப் பாரு."

"நிஜமாவாப்பா?"

"நிஜமாத்தான் சொல்றேன்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சமையலறையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரை வீணாக்காதே என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளை, அதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் குளித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கிளம்பி, குரோம்பேட்டையில் கல்லூரி பஸ்ஸைப் பிடித்தார். பஸ்ஸில் பாதி காலி. கோடை விடுமுறையில் ஓய்வு பெறுகிறவனுக்கு அதுதான் மரியாதை. மூன்று மணிக்கு இருநூறு பேர் உட்காரும் அரங்கத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் மைக் செட்காரர், இன்னொருவர் ஏசியைப் பழுது பார்க்க வந்தவர். துறைத் தலைவர் வைத்தீஸ்வரன் அவரைப் பற்றி நாலு நிமிஷம் பேசி, "நம் சார் ஏரிகளின் நண்பர்" என்று முடித்தார். ஸ்ரீநிவாசராகவன் ஏரிகளைப் பற்றி எழுதியது மூன்றே கட்டுரை. போகட்டும்.

அவர் பேசினார். பேச்சின் நடுவில், ஸ்நேகா வந்தால் சிரிப்பாள் என்று சேர்த்து வைத்திருந்த ஒரு சம்பவம் இருந்தது. அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு தடவை அவளையும் கோவளத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். எனக்கும் ஒரு ஃபாரம் போடு என்று அடம்பிடித்தாள். பதினான்காம் கேள்விக்கு, "அப்பாவோட இருக்கறதுக்கு வந்தேன்," என்றாள். அப்படி ஒரு பதில் படிவத்தில் கிடையாது. ஆகவே 'மற்றவை' என்று போட்டு, கணக்கில் வராத கட்டோடு வைத்தார். இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பதினொரு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அது சிரிக்கிற விஷயமில்லை என்று அவருக்கும் தோன்றியது. அதற்குமேல் பேச்சில் கோர்வை போய்விட்டது. அரங்கத்தின் கதவையே பார்த்துக்கொண்டு மிச்சத்தை ஒப்பித்தார். கதவு இரண்டு தடவை திறந்தது. இரண்டு தடவையும் சமோசாக்காரர்.

வீட்டுக்கு வந்தபோது ஸ்நேகா நைட்டியில் இருந்தாள், பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். விடியற்காலை விமானம்.

"எப்படிப்பா இருந்தது?"

"நன்னா இருந்தது. ஹால் ஃபுல். உன் மீட்டிங்?"

"நன்னா போச்சு."

பொன்னாடையைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். மடித்து அலமாரியில் வைத்தாள். கிளம்பும்போது அவரைச் சேவித்தவள், எழுந்திருக்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். 'தூங்கி வழிகிறாள்' என்று நினைத்துக்கொண்டார் அவர்.

சனிக்கிழமை முழுக்க அவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஞாயிறு விடிந்ததும் உடம்பு தானாகக் கிளம்பியது. தாம்பரம் போய், கேளம்பாக்கம் வழியாகப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, எங்கே போகிறோம் என்று யோசிக்கும்போது கோவளம் வந்துவிட்டது. இனி எந்தக் கேள்வியும் கேட்க வேண்டியதில்லை. கையில் படிவமில்லாமல் அந்த மணலில் நிற்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னா சாரு, கையில பாரத்தக் காணோம்?" முத்தாலம்மாள்தான். ஏலக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருபது வருஷமாக மீன் விற்கிறவள். மீன்பிடித் தடைக்காலம், பெரிய படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை, அவள் கூடையில் கொஞ்சம் நெத்திலிதான் இருந்தது.

"ரிடையர் ஆயிட்டேம்மா."

"தெரியும். உன் பொண்ணு சொல்லிச்சே."

காதில் சரியாக விழவில்லையோ என்று அவருக்குத் தோன்றியது. "யார் பொண்ணு?"

"உம் பொண்ணுதான். இன்னா சாரு, முழிக்கிற? மூணு நாளு இங்கதான குந்திகினு இருந்துச்சு. புதங்கெழம வந்து, 'பாரம் வெச்சிகினு ஒரு சார் வருவாரே, அவுரு எங்க உக்காருவாரு'ன்னு கேட்டுச்சு. அதோ அந்த சிமிட்டி பெஞ்ச காட்னேன். காலைலேந்து சாயங்காலம் வரிக்கும் அங்கியே. வெயிலுனு பாக்கல, ஒண்ணும் பாக்கல. நாந்தான் மோரு வாங்கியாந்து குடுத்தேன்."

"அவளுக்கு சிறுசேரியில மீட்டிங்..."

"மீட்டிங்கும் இல்ல, கீட்டிங்கும் இல்ல. லீவு போட்டுட்டு வந்துகீது. நானும் கேட்டேன், இன்னாத்துக்கும்மா அப்பாகிட்ட பொய் சொன்னேன்னு. சும்மா உன்னப் பாக்க வந்தேன்னு சொன்னா அவுருக்குப் புடிக்காது, வீண் செலவும்பாருன்னிச்சு. அப்பிடியா சாரு?"

அவர் பெஞ்சைப் பார்த்தார். மூன்று நாள் மே மாத வெயில் அந்த முகத்தைக் கறுக்க வைத்திருந்தது. ஏசி ரூம் என்று அவர் கேலி பேசியிருந்தார்.

"வெள்ளிக்கெழம பட்டுப்பொடவ கட்டிகினு வந்துச்சு சாரு," என்றாள் முத்தாலம்மாள். "அம்மாவுதுன்னிச்சு. மணலு ஆயிடும்மா, எங்க போறன்னேன். அப்பா இன்னிக்கி ரிட்டயரு, மூணு மணிக்கு விழா, எப்பிடியும் போன் பண்ணி வான்னுவாரு, ஆட்டோ எட்த்துகினு ஓடிர்லாம்னு, போன மடிலியே வெச்சிகினு இருந்துச்சு. மூணு மணி ஆச்சு. நாலு ஆச்சு. அப்பால அயுதுகினே போய்ச்சு." அவள் கூடையை மூடினாள். "நீ இன்னா, அவ்ளோ பேஜாரான ஆளா சாரு? பாத்தா அப்பிடித் தெரியலியே."

அவர் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். போனை எடுத்தார். அங்கே காலை ஏழு மணி இருக்கும். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"அப்பா? என்ன, உடம்பு சரியா இருக்கியோன்னோ?"

"இருக்கேன். கோவளத்துல இருக்கேன்," என்றார். "முத்தாலம்மா சொன்னா."

"கோச்சுக்காதேப்பா," என்றாள்.

"எனக்கு நீ வரணும்னு இருந்துதும்மா. மார்ச்சுலேர்ந்து. அந்த ஹால்ல பதினோரு பேர்தான். நான் கதவையே பார்த்துண்டு பேசினேன்." அறுபத்தைந்து வயது மனுஷர், கடற்கரையில், நாலு பேர் பார்க்க, தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேக்கத் தெரியலைம்மா எனக்கு."

ஸ்நேகா அழுதாள். அழுகிறாள் என்பது தெரிய வேண்டும் என்றே அழுதமாதிரி, குழந்தை மாதிரி அழுதாள். அவர் போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டே இருந்தார். அதில் அவருக்கு மூன்று வருஷமாக இல்லாத ஒரு நிம்மதி வந்தது.

"டிசம்பர் வரைக்கும் எனக்கு லீவே கிடையாதுப்பா," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நீ வாயேன்பா. இப்பத்தான் ரிடையர் ஆயாச்சே. வாயேன், ப்ளீஸ்."

"நானா? அங்க வந்து என்ன பண்ணப் போறேன்? எனக்கென்ன வேலை அங்க?"

வாய் முந்திக்கொண்டுவிட்டது. முப்பது வருஷத்துப் பழக்கம், சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. அவசர அவசரமாக, "இல்லம்மா, நான் அப்படிச் சொல்ல வரலை," என்று ஆரம்பித்தார்.

"வேலை ஒண்ணும் இல்லதான்பா," என்றாள் ஸ்நேகா. குரல் பழையபடி ஆகிவிட்டிருந்தது. "சரி, நீ வெயில்ல நிக்காதே. ஆபீஸ்லேர்ந்து கால் வரது. அப்புறம் பேசறேன்."

போன் அணைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எந்த ஆபீஸிலிருந்தும் அவளுக்கு அழைப்பு வராது என்பது அவருக்குத் தெரியும்.